ஆறு கட்டையில் ஓர் அதிகாலை: தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் நான் கற்றவை

கும்பகோணத்தில் என்னிடம் பாட்டுக் கற்கப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரில் பாதிப் பேர், வெற்றிலை பாக்குத் தட்டைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டீச்சர், இவ எப்ப டிவியில பாடுவா?" ஆரம்பப் பாடமான சரளி வரிசைகூட அப்போது தொடங்கியிருக்காது. முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது வருவதில்லை. பதினோரு ஆண்டுகள் முறையாகக் கர்நாடக இசை பயின்றுவிட்டு, அதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, இருபத்து மூன்றாம் வயதில் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குப் போனவள்தான் நானும். முதல் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாகத் தேர்வாகி, ஐந்தாம் வாரத்தில் வெளியேறினேன். எந்தத் தொலைக்காட்சி, எந்த ஆண்டு என்பதெல்லாம் இங்கே வேண்டாம்; வாக்குகளைக் குறுஞ்செய்தியில் அனுப்பிய காலம் என்று மட்டும் சொன்னால் போதும். திரும்பி வந்த பிறகு இரண்டு ஆண்டுகள், "நன்றாகப் பாடியும் தோற்றுவிட்டேன்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மைதான் என்பது, பின்னாளில் என் மாணவர்கள் நால்வருக்குத் துணையாக அதே போன்ற அரங்குகளுக்குப் போய், மேடைக்குப் பின்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

முதல் சுற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. திருச்சியில் ஒரு கல்லூரி வளாகத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு வரிசையில் நின்றேன்; மாலை மூன்றரை மணிக்கு உள்ளே அழைத்தார்கள். திரையில் நாம் பார்க்கும் நடுவர்கள் அந்த அறையில் இருக்கவில்லை. ஒரு மேசைக்குப் பின்னால் இருவர் அமர்ந்திருந்தார்கள். காலையிலிருந்து சில நூறு குரல்களைக் கேட்டுவிட்ட களைப்பு அவர்கள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. நான் தொகையறாவிலிருந்து, அதாவது பல்லவிக்கு முன் தாளமில்லாமல் வரும் வரிகளிலிருந்து, நிதானமாகத் தொடங்கினேன். பல்லவிக்கு வருவதற்குள், "சரிம்மா, வேற ஒண்ணு பாடுங்க" என்று நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது பாட்டைச் சரணத்திலிருந்து எடுத்ததால் தப்பினேன். அன்றிலிருந்து நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: உங்கள் குரலின் மிகச் சிறந்த இருபது வினாடி பாட்டின் எந்த இடத்தில் இருக்கிறதோ, அங்கிருந்தே தொடங்குங்கள். பாட்டை முதல் வரியிலிருந்துதான் பாட வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கையில் தயிர்சாதப் பொட்டலமும் தண்ணீரும் இருக்கட்டும். பசியோடு பாடினால் மூச்சு நிற்காது.

சுருதி விஷயத்தைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் தோல்வியில் பெரும்பங்கு அங்கே இருந்தது. அந்தப் பங்கு முழுக்க என்னுடையது.

சுருதி என்பது பாட்டுக்கு அடிப்படையாக நிற்கும் ஒலியின் உயரம்; அதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், எண் கூடினால் உயரமும் கூடும். எனக்கு இயல்பான சுருதி ஐந்தரைக் கட்டை. ஐந்தாம் வாரத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பழைய மெல்லிசைப் பாடல் திரைப்படத்தில் ஆறு கட்டையில் இருந்தது. சரணத்தின் கடைசி வரி தாரஸ்தாயிப் பஞ்சமம், அதாவது மேல் ஸ்தாயியின் ‘ப’ சுரம் வரை ஏறும். படப்பிடிப்புக்கு முந்தைய நாள் காலை பத்து மணிக்கு வாத்தியக் குழுவோடு ஒத்திகை. கீபோர்டு வாசித்தவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் மெல்லிசைக் குழுக்களில் இருந்தவர். நான் ஒருமுறை பாடி முடித்ததும், அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "அரைக் கட்டை இறக்கிக்கலாமாம்மா? ஷூட்டிங் ராத்திரிதான் நடக்கும்" என்றார். காலை வேளையில் அந்தப் பஞ்சமம் எனக்குத் தடையின்றிக் கிடைத்திருந்தது. மூலப் பாடலின் சுருதியிலேயே பாடினால்தான் நடுவர்கள் மதிப்பார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம். அதைவிட, இறக்கிக்கொள்வது இழுக்கு என்ற வீம்பு. "வேண்டாம் சார், அப்படியே இருக்கட்டும்" என்றேன். அவர் மறுபடியும் ஒருமுறை சொன்னார்: "இப்ப சொன்னா எனக்கு ஒரு பட்டன்தான். சாயங்காலத்துக்குள்ள ரெக்கார்டு பண்ணின தாள லூப்பெல்லாம் ஏத்திடுவோம், அப்புறம் கேட்டா முடியாது." நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒப்பனைக்கு வரச் சொன்னார்கள். பன்னிரண்டு பேரில் நால்வர் ஏற்கெனவே வெளியேறியிருக்க, எட்டுப் பேர் மிச்சம். பாடும் வரிசையில் நான் ஏழாவது. முதலில் பாடிய பையன் மாலை ஆறரைக்கு முடித்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொருவர் பாட்டுக்கும் பின்னால் நடுவர் கருத்து, தொகுப்பாளர் பேச்சு, விளக்குகளைத் திருத்துவது, ஒலிவாங்கி மாற்றுவது, விருந்தினருக்கான இடைவேளை என்று நேரம் ஓடியது. விளக்குகளின் சூட்டுக்கு ஈடாகக் குளிர்சாதனத்தை உச்சத்தில் வைத்திருந்தார்கள். பட்டுப்புடவைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இடையிடையே, மற்றவர்கள் பாடும்போது கைதட்டிச் சிரிக்கவும் எங்களை அழைத்துக்கொண்டே இருந்தார்கள். என்னை மேடைக்கு அழைத்தபோது அதிகாலை ஒன்று ஐம்பது. பல்லவி நன்றாகவே போயிற்று. சரணத்தின் கடைசி வரியில் பஞ்சமத்தைத் தொட்டதும் குரல் பிசிறியது. அரை வினாடிக்குள் பிடித்துவிட்டேன், ஆனால் என் முகம் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. நடுவர் ஒருவர், "பதற்றம் தெரிகிறது" என்றார். பதற்றம் இல்லை, வறட்சி. ஆனால் அதை விளக்கும் இடமில்லை அது. வாத்தியக் குழுவின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கீபோர்டுக்காரர் தம் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒளிபரப்பில் நான் மூன்றாவதாகப் பாடினேன். பதிவான வரிசை வேறு, காட்டும் வரிசை வேறு என்பது வீட்டில் பார்ப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எட்டுப் பேரும் ஒரே மாலையில், ஒரே தெம்பில் அடுத்தடுத்துப் பாடியதாகவே அவர்கள் நினைப்பார்கள்.

இப்போது வளர்ந்த மாணவர்கள் போட்டிக்குத் தயாராகும்போது, அவர்களுக்கு இரண்டு சுருதிகளைக் குறித்து வைக்கிறேன். ஒன்று காலைச் சுருதி. மற்றது இரவு உணவுக்குப் பின் நெடுநேரம் விழித்திருந்து பாடிப் பார்த்துக் கண்டது. போட்டிக்கு எப்போதும் இரண்டாவதுதான். பலருக்கு இரண்டுக்கும் அரைக் கட்டை வித்தியாசம் இருக்கும், சிலருக்கு ஒரு கட்டை. மூலச் சுருதியில் பாடினாயா என்று எந்தப் பார்வையாளரும் கேட்கப்போவதில்லை. பிசிறு மட்டும் எல்லோருக்கும் கேட்கும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நான் இந்தப் பயிற்சிக்கு உட்படுத்துவதில்லை. போட்டிக்கே அனுப்புவதும் இல்லை. பெற்றோர் சிலர் இதனால் என் வகுப்பை விட்டுப் போயிருக்கிறார்கள், போகட்டும்.

இன்னொரு சங்கதி, கர்நாடக இசை படித்தவர்களுக்கென்றே உள்ளது. தாளம் போடாமல் எங்களால் பாட முடியாது. கச்சேரி மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டுவது அழகு. நின்றுகொண்டு, கையில் ஒலிவாங்கியோடு, மறு கையால் புடவை மடிப்பைத் தட்டிக்கொண்டே பாடினால் கேமராவுக்கு அது நிலைகொள்ளாத கையாகத் தெரியும். இரண்டாம் வாரம் இயக்குநர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து, "அந்தக் கையைக் கொஞ்சம் அசைக்காம வச்சுக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார். கையை நிறுத்தினேன், இடையிசை முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில் எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டை எடுக்க வேண்டிய இடம், தவறியது. அரை இடம் தள்ளி எடுக்க வேண்டிய சரணம் அது. பதினோரு ஆண்டுகள் என் கை எண்ணிக்கொடுத்த கணக்கை மனம் தனியாக எண்ணியதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு காலணிக்குள் கட்டைவிரலால் தாளம் போடப் பழகிக்கொண்டேன். என் மாணவர்களுக்கு இப்போது முதல் ஆண்டிலேயே அதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.

பார்வைக்கு இவ்வளவு எடை உண்டா என்று சந்தேகப்படுபவர்களுக்கு 2013-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்வேன். மேற்கத்திய இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றில் வாசித்த மூவரின் சிறு துண்டுகளைப் பலருக்குக் கொடுத்து, வென்றவர் யார் என்று ஊகிக்கச் சொன்னார்கள். ஒரு சாராருக்கு ஒலி மட்டும், இன்னொரு சாராருக்கு ஒலியில்லாத காணொளி மட்டும், மற்றொரு சாராருக்கு இரண்டும். இசையில் ஒலிதான் முக்கியம் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். ஆனால் வென்றவரை அதிக அளவில் சரியாகக் கண்டுபிடித்தவர்கள் ஒலியே இல்லாமல் பார்த்தவர்கள்தாம். தொழில்முறை இசைக்கலைஞர்களும் இதற்கு விலக்கில்லை. பாட்டுக்காரியான எனக்கு இது கசப்பான செய்தி. ஆனாலும் பயன்படுத்திக்கொள்கிறேன்: மாணவர் பாடுவதைக் கைப்பேசியில் படம்பிடித்து, ஒலியை அணைத்துவிட்டு, அவரையே பார்க்கச் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொள்வது, மேல் ஸ்தாயிக்குப் போகுமுன் புருவத்தை நெரிப்பது, பாட்டு முடிவதற்கு முன்பே தோள் தளர்வது எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நான் வாயால் சொன்னால் மூன்று மாதம் ஆகும்.

ஒலியைப் பற்றியும் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். அரங்கில் நடுவர்கள் கேட்பதும் வீட்டில் மக்கள் கேட்பதும் ஒரே ஒலி அல்ல. பாடகரின் குரலும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பதிவாகின்றன. பின்னர் அவற்றைக் கலந்து, சமன்செய்து, ஒளிபரப்புக்கு ஏற்ற ஒலியாக ஆக்குகிறார்கள். பதிவு செய்து பின்னர் காட்டும் எந்த நிகழ்ச்சியிலும் குரலை மெருகேற்ற வழி இருக்கிறது. ஆகவே, "வீட்டில் நன்றாகத்தானே கேட்டது, நடுவர் ஏன் இப்படிச் சொன்னார்?" என்று உறவினர்கள் கேட்டால் நடுவரைத் திட்ட வேண்டியதில்லை. தன் குரலையும் வாத்தியங்களையும் பாடகருக்குக் கேட்கவைக்கும், காதில் செருகும் மானிட்டரோடு பாடுவதும் ஒரு பழக்கம்தான். ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று முதன்முறை பாடுபவர்கள் நினைப்பார்கள். அப்படித் திறந்து வைத்தால் அரங்கின் எதிரொலி தாமதமாக வந்து சேரும், தாளம் பின்னால் இழுக்கும். வீட்டில் சாதாரண இயர்போனை மாட்டிக்கொண்டு, கரோக்கியோடு ஒரு மாதம் பாடிப் பழகினாலே பாதிப் பயம் போய்விடும்.

பாட்டுத் தேர்வில் நான் செய்த பிழை வேறு வகை. எனக்கு எல்லாம் வரும் என்று காட்ட ஆசைப்பட்டு, முதல் வாரம் கர்நாடக சாயலில் ஒரு பாட்டு, இரண்டாம் வாரம் மெல்லிசை, மூன்றாம் வாரம் குத்துப்பாட்டு, நான்காம் வாரம் மேற்கத்திய பாணி என்று பாடினேன். நடுவர்கள் பாராட்டினார்கள். பார்ப்பவர்கள் மனத்தில் நான் யாராகவும் பதியவில்லை. விஜய் தொலைக்காட்சியில் 2006-இல் தொடங்கிய சூப்பர் சிங்கரின் ஆறாம் பருவத்தில், 2018-இல், செந்தில் கணேஷ் வென்றதை நினைத்துப் பார்க்கிறேன். மனைவி ராஜலட்சுமியோடு ஏற்கெனவே நாட்டுப்புறப் பாட்டு மேடைகளில் பாடிவந்தவர் அவர். அந்த மண்வாசனையையே பெரிய மேடைக்கும் கொண்டுவந்தார். ஒரு வரி காதில் விழுந்ததும், அடுக்களையில் இருப்பவர்கூட, "அவர் பாடுகிறார்" என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்ல வைப்பது பெரிய பலம். அது குரல்வளத்தின் ஒரு பகுதி என்று நான் எண்ணியதே கிடையாது. என் குருவும் அதைப் பாடமாகச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் கச்சேரி உலகில் அவருக்கு இருந்ததில்லை.

நினைத்த பாட்டு கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பாடல்களின் உரிமை இசை நிறுவனங்களிடம் இருக்கிறது; தொலைக்காட்சிக்கு எந்தெந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கிறதோ அந்தப் பாடல்களைத்தான் மேடையில் பாட முடியும். ஒரு வாரம் நான் மூன்று பாட்டுகளை எழுதிக் கொடுத்தேன். இரண்டுக்கு உரிமை இல்லை என்றார்கள். மூன்றாவதை இன்னொருவர் எடுத்துவிட்டார். நான்காவதாக ஒன்றை ஒரே இரவில் கற்றுக்கொண்டு பாடினேன். இப்போது என் மாணவர்கள் பத்துப் பாட்டுகளை, ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள், எந்த வரியிலிருந்து எந்த வரிக்குத் தாண்டுவது என்பது வரை குறித்து வைத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

அடுத்தது, ஏ.வி. எனப்படும் அந்தச் சிறு படம். போட்டியாளரின் வீட்டைக் காட்டுவார்களே, அதுதான். எங்கள் வீட்டுக்கு நான்கு பேர் வந்தார்கள். "பாட்டுக்கு வீட்ல எதிர்ப்பு இருந்துச்சா?" என்று கேட்டார்கள். இல்லை, அப்பாதான் மழையிலும் சைக்கிளில் என்னைப் பாட்டு வகுப்புக்கு அழைத்துப் போனார். "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" இல்லை. "கடன்?" கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்த அப்பா அந்தக் கேள்வியில் முகம் சிவந்துவிட்டார். கடைசியில், அம்மா திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டுவது போல எடுக்கலாம் என்று முடிவாயிற்று. வீட்டில் பூவே இல்லை. தம்பி கடைத்தெருவுக்கு ஓடிப்போய் உதிரி மல்லிகை வாங்கி வந்தான். அம்மாவுக்குப் பூக்கட்ட வராது. நாரில் போட்ட முடிச்சு மூன்று முறை அவிழ்ந்தது. நான்காவது முறை, பக்கத்து வீட்டு அக்கா பாதி கட்டிக் கொடுத்ததைக் கையில் பிடித்துக்கொண்டு, அம்மா விரல்களை மட்டும் அசைத்தார். நான்கு மணி நேரம் எடுத்தார்கள், நாற்பது வினாடி காட்டினார்கள். சோகமான வீணை இசை பின்னால் ஒலிக்க, அம்மாவின் விரல்களும் மல்லிகையும். மறுநாள் காலை அத்தை தொலைபேசியில், "ஏன்டி, அண்ணி பூ வியாபாரம் பண்றாளா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று அழுதுவிட்டார்.

இன்று சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த நாற்பது வினாடியில் எங்கள் கதை எதுவுமே இல்லை என்பதுதான் நஷ்டம். அப்பாவின் சைக்கிளை நான் முன்கூட்டியே யோசித்துச் சொல்லியிருந்தால், அவர்கள் அதை எடுத்திருப்பார்கள் என்றே நம்புகிறேன். படக்குழுவினரைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்றைய நாளுக்குள் ஏதாவது ஒரு கதையோடு திரும்ப வேண்டியது அவர்கள் வேலை. நாம் கொடுக்காவிட்டால் அவர்கள் செய்துகொள்வார்கள். ஆகவே, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று குடும்பத்தோடு முதலிலேயே பேசி முடிவெடுத்துவிடுங்கள். என் மாணவன் ஒருவன், தன் தாத்தா பஜனை மடத்தில் வாசித்த பழைய ஹார்மோனியத்தைத் தூசி தட்டி எடுத்து வைத்திருந்தான். வேறு எதையும் அவர்கள் அவனிடம் கேட்கவில்லை.

வாக்குகளுக்கு வருகிறேன். தபால் துறையில் ஓய்வு பெற்ற என் பெரிய மாமா, நான் போட்டியில் இருந்த காலத்தில் ஒருநாள் அழைத்து, "உனக்கு ஓட்டுப் போட்டுட்டேன்மா, கவலையே படாதே" என்றார். மகிழ்ச்சியோடு எத்தனை என்று கேட்டேன். "எத்தனையா? ஒண்ணுதான். ஒருத்தருக்கு ஒரு ஓட்டுதானே?" ஒரே எண்ணிலிருந்து எத்தனை குறுஞ்செய்தி வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதும், ஒவ்வொன்றுக்கும் சாதாரணக் குறுஞ்செய்தியைவிடக் கூடுதலாகப் பணம் பிடிப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும், தேர்தல் பணி பார்த்த மனிதர், இரண்டாவது வாக்குப் போட்டிருக்கமாட்டார். எங்கள் தெருவே அப்படித்தான். அதே வாரம், கடலோர ஊரைச் சேர்ந்த சக போட்டியாளர் ஒருவருக்கு ஊர் எல்லையில் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். இளைஞர் மன்றத்தார் வீடு வீடாகப் போய், கைப்பேசியை வாங்கிக் குறுஞ்செய்தி அனுப்பிக் கொடுத்தார்கள். ரீசார்ஜ் கடைக்காரர் அதற்கென்றே தம் கைக்காசைப் போட்டார். அந்தப் போட்டியாளர் நன்றாகவே பாடுவார். நான் சொல்ல வருவது அவர் பாட்டைப் பற்றி அல்ல, அவர் ஊரைப் பற்றி.

இந்த ஊர்ப் பற்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2007-ஆம் ஆண்டின் இந்தியன் ஐடல் என்ற இந்தித் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி போதும். கொல்கத்தா காவல்துறையில் பணியாற்றிய, டார்ஜிலிங்கைச் சேர்ந்த பிரசாந்த் தமாங்கும் ஷில்லாங்கைச் சேர்ந்த அமித் பாலும் இறுதிச் சுற்றில் நின்றார்கள். டார்ஜிலிங் மலைப்பகுதியில் கூர்க்கா மக்கள் பிரசாந்தைத் தங்கள் இனத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டு, பணம் திரட்டி வாக்களித்தார்கள். அவர் வென்ற பிறகு, வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அவரைக் கேலியாகப் பேசியது சிலிகுரியில் வன்முறையில் போய் முடிந்தது. வாக்குத் திரட்டியவர்களில் முன்னணியில் நின்ற பிமல் குருங், அந்த அலையின் வேகத்திலேயே, அதே ஆண்டு அக்டோபரில் கோர்க்கா ஜன்முக்தி மோர்ச்சா என்ற அரசியல் கட்சியைத் தொடங்கினார். ஒரு பாட்டுப் போட்டியின் முடிவு மலைப்பகுதியின் அரசியலையே மாற்றிய பிறகு, அதில் சுருதி சுத்தத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பிரித்துப் பார்ப்பதில் பொருளில்லை.

எண்ணிக்கை எவ்வளவு மெல்லிய நூலில் நிற்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்கன் ஐடலில் 2003-இல் ரூபன் ஸ்டடார்ட், கிளே ஐக்கனை வென்றது சுமார் 2.4 கோடி வாக்குகளில் ஏறத்தாழ 1,34,000 வாக்கு வித்தியாசத்தில். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. தொலைபேசி வழியாக வாக்களித்த காலம் அது. அன்றிரவு இணைப்புக் கிடைக்காமல் சலித்துப்போய் அழைப்பை விட்டவர்கள் இரண்டு பக்கமும் எத்தனை பேரோ! இரண்டாம் இடம் வந்தவர் குரலில் குறை என்று அதை வைத்து யாராவது சொல்ல முடியுமா?

இன்று வாக்குகள் செயலி வழியாகவும் இணையம் வழியாகவும் போகின்றன. முறை மாறினாலும் வேலை ஒன்றுதான். என் மாணவர்களிடம் நான் சொல்வது: நிகழ்ச்சி தொடங்குமுன்பே, படித்த பள்ளி, கல்லூரி, ஊர்ச் சங்கம், கோயில் பஜனைக் குழு ஆகிய இடங்களுக்கு நேரில் போங்கள், எப்படி வாக்களிப்பது, ஒருவர் எத்தனை முறை வாக்களிக்கலாம், எத்தனை மணிக்கு முடியும் என்பதை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். வெட்கமாக இருக்கும். எனக்கு அந்த வெட்கம்தான் இருந்தது. நன்றாகப் பாடினால் தானாக வரும் என்று இருந்துவிட்டேன். என் மாமாவைப் போன்ற நேர்மையாளர்கள் நூறு பேர் இருந்தும் நூறு வாக்குக்கு மேல் வரவில்லை.

பணத்தையும் ஒப்பந்தத்தையும் பற்றி யாரும் பேசுவதில்லை. ஐந்து வாரங்களில் பேருந்து, தங்கும் அறை, நான்கு புடவைகள், தைத்த கூலி என்று அப்பாவின் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் செலவாயிற்று. ஒப்பந்தம் பதினான்கு பக்கம், ஆங்கிலத்தில். ஒப்பனை நாற்காலியில், பாதி முகத்துக்கு மாவு பூசியிருந்த நிலையில் என் முன் நீட்டினார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். கையெழுத்திட்டோம். நிகழ்ச்சியிலிருந்து வெளியேறிய மூன்றாம் மாதம், பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவில் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். ஓராண்டுக்கு அவர்கள் அனுமதி இல்லாமல் வெளி மேடையில் பாடக் கூடாது என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. அனுமதி கேட்டு எழுதினேன். பதில் வருவதற்குள் திருவிழா முடிந்துவிட்டது. இப்போது யாராவது தேர்வானால், ஒப்பந்தத்தின் நகலை இரண்டு நாள் முன்பே கேட்டு வாங்கி, தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டச் சொல்கிறேன். கட்டுப்பாடு எத்தனை மாதம், மேடை நிகழ்ச்சி வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா, நம் குரலும் படமும் எங்கெல்லாம் போகலாம், நடுவில் விலகினால் என்ன ஆகும் என்ற நான்கையும் பென்சிலால் அடிக்கோடிட்டுக் கேளுங்கள். கேட்டதற்காக யாரையும் வெளியே அனுப்பி நான் பார்த்ததில்லை.

தோற்றவர்களுக்கு ஆறுதலாகச் சில பெயர்களைச் சொல்வது வழக்கம். 2005-இல் ஃபேம் குருகுல் என்ற இந்திப் பாட்டுப் போட்டியில், இறுதிச் சுற்றை எட்டாமலே வெளியேறியவர், பின்னாளில் புகழ்பெற்ற பின்னணிப் பாடகரான அரிஜித் சிங். வென்றவர்கள் காஸி தௌகீரும் ரூப்ரேகா பானர்ஜியும். 2004-இல் அமெரிக்கன் ஐடலில் ஏழாம் இடத்தோடு வெளியேறிய ஜெனிஃபர் ஹட்சன், 2007-இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். இந்தப் பெயர்களை ஆறுதலாகச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. தோற்றபின் பாட்டையே விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிச் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்தே மூவர் இருக்கிறார்கள். அரிஜித் கதையில் எனக்குப் பயன்பட்டது வேறு. அவர் அடுத்த போட்டி ஒன்றில் வென்ற பணத்தை வைத்து மும்பையில் சொந்தமாக ஓர் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்துக்கொண்டார். இசையமைப்பாளர்களிடம் உதவியாளராக இசைக்கோப்பு வேலை பார்த்தார். 2013-இல் நாடே அவர் குரலைக் கேட்பதற்கு முன், இடைப்பட்ட ஆண்டுகளில் பாட்டுக்குப் பின்னால் நடக்கும் இந்த வேலைகளையும் அவர் கற்றுக்கொண்டார்.

அதைப் படித்த பிறகுதான் நானும் கீபோர்டு கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் தஞ்சாவூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் கல்யாணக் கச்சேரிகளில் பாடினேன். டிவியில் வந்தவள் என்பதற்காக முதல் ஆறு மாதம் அழைப்புகள் குவிந்தன; அடுத்த பருவத்தின் முகங்கள் வந்ததும் குறைந்துபோயின. அந்த ஆறு மாதத்துக்குள் சம்பளத்தைப் பேசி நிலைநிறுத்திக்கொண்டவர்களே பிறகும் தாக்குப்பிடித்தார்கள். நான் முதல் நான்கு மாதம், "உங்களுக்குத் தெரியாததா, பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மண்டபத்தில் முப்பது பாட்டுகள் பாடியதற்குத் தேங்காய்ப் பையும் ரவிக்கைத் துணியும் கொடுத்து அனுப்பினார்கள்.

இப்போது என்னிடம் படிக்கும் ஒரு பெண், நர்சிங் கல்லூரி மாணவி, அடுத்த மாதம் குரல் தேர்வுக்குப் போகிறாள். இரவுப் பணிப் பயிற்சி முடித்து அவள் விடுதிக்குத் திரும்பும் வேளை எங்களுக்கு வசதியாகப் போயிற்று. அதிகாலை இரண்டு மணிக்கு விடுதி மொட்டைமாடியில் பாடி, வாட்ஸாப்பில் குரல்பதிவாக அனுப்புகிறாள். காலையில் காபி போட்டுக்கொண்டே கேட்கிறேன். வகுப்பில் ஐந்தரையில் பாடுபவள், அந்த நேரத்தில் ஐந்தில்தான் நிற்கிறாள். பத்துப் பாட்டில் ஆறு முடிந்திருக்கிறது. ஏழாவதை மூலச் சுருதியிலேயே பாடுகிறேன் டீச்சர் என்று நேற்று அடம்பிடித்தாள். இன்று அதிகாலை அனுப்பிய பதிவில், சரணத்தின் மேல் வரியில் நிறுத்திவிட்டு, ஒரு இருமலுக்குப் பின், "அஞ்சுக்கே போயிடலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பல்லவியிலிருந்து எடுத்திருக்கிறாள்.